பெரிய டயர் போட்டால் பிரேக் வளருமா?

சென்ற இதழில் மலை ஜீப்புகளின் டயரைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரையை ஒரு முறை படித்துவிட்டுச் சிரித்தேன். மறுமுறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

அவர் சொல்வது இதுதான். போடிமெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விபத்தில் சிக்குவதற்குக் காரணம், கம்பெனி மாட்டி அனுப்பும் நோஞ்சான் டயர். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, அகலமான அலாய் வீலில் 31 அங்குல டயரை மாட்டி, உள்ளே நைட்ரஜனை அடைத்துவிட்டால் வண்டி பத்திரம். பத்திரம் மட்டுமல்ல, இன்னும் நாலைந்து பேரைக் கூடுதலாக ஏற்றினாலும் தாங்கும். இதற்கு அபராதம் போடும் போக்குவரத்துத் துறை ஏழை ஓட்டுநரின் வயிற்றில் அடிக்கிறது. அமெரிக்காவில் இழுவை வீட்டுவண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் டயரையும் வீலையும் மாற்றித்தான் ஓட்டுகிறார்கள், கொழுக்குமலை ஜீப்புகளைப் பார்த்தாலே புரியும், இத்யாதி.

பொட்டிபுரத்திலும் ராசிங்காபுரத்திலும் சிலமலையிலும் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப் ஏறுகிற பெண்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள். ஜீப் வைத்திருப்பவர்கள் படித்திருப்பார்கள். கூடுதலாக நாலைந்து பேர் என்ற வரியின் கீழே கோடு கூடப் போட்டிருப்பார்கள். பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான்.

கம்பெனி டயர் நோஞ்சான் என்கிறாரே, அந்த டயரைக் குனிந்து ஒரு தடவை அவர் படித்துப் பார்த்தாரா? இந்தப் பக்கம் அதிகம் ஓடும் பொலிரோவுக்குக் கம்பெனி தரும் அளவு 215/75 ஆர்15. பக்கச்சுவரில் அந்த அளவுக்கு அடுத்தாற்போல் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, எழுத்து, வேகத்துக்கானது. எண் 100 என்றிருந்தால், சரியான காற்றில் அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும். நான்கு டயருக்கும் சேர்த்து 3,200 கிலோ. வண்டியின் பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் மொத்த எடை வரம்போ இதற்கு வெகு கீழே. அதாவது, வண்டிக்கு அனுமதித்த எடையைவிட அதிகமாகத் தாங்கும் டயரைத்தான் கம்பெனி ஏற்கெனவே மாட்டிக் கொடுத்திருக்கிறது. நண்பர் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாரோ, அந்த ஆள் சம்பவ இடத்திலேயே இல்லை.

அப்படியானால் எடை எங்கே வரம்பை மீறுகிறது? டயரைத் தவிர மற்ற எல்லா இடத்திலும். ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிர் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, நடுவில் நான்கு பேர் குத்துக்காலிட்டு, பின்கதவுக் கம்பியில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு போவதை இந்தப் பகுதியில் பார்க்காதவர் யாரும் இல்லை. ஓர் ஆளுக்கு 55 கிலோ என்று வைத்தாலே இருபது பேருக்கு 1,100 கிலோ ஆகிறது. அதில் பெரும்பகுதி பின் அச்சின் மேலும் அதற்குப் பின்னாலும் விழுகிறது. தாங்க வேண்டியவை பின் ஸ்பிரிங் பட்டை, அந்தப் பட்டையை அச்சோடு கட்டிய யூ போல்ட்டு, ஹப் பேரிங், வீல் ஸ்டட், அச்சுக் குழாய், சேஸிஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக். டயரை மாற்றுவதால் இவற்றில் எது பலமாகிறது? ஒன்றும் இல்லை. சுமை தூக்குகிற தொழிலாளிக்குப் பத்தாம் நம்பர் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி முதுகில் இரண்டு மூட்டை ஏற்றலாம் என்று சொல்வதைத்தான் நண்பர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்.

ஒன்றும் பலமாகவில்லை என்பதோடு போனால் கூடப் பரவாயில்லை. பல உறுப்புகள் பலவீனமாகின்றன. அகல வீல் போடும்போது, மட்கார்டில் உரசாமல் இருக்க வீலை வெளிப்பக்கம் தள்ளி மாட்டுவார்கள். ‘வண்டி பரந்து நிக்குது’ என்று அதையே அழகாகவும் பேசிக்கொள்வார்கள். சக்கரம் வெளியே தள்ளிப் போன ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஹப் பேரிங்கின் மேல் நெம்புகோல் விசை கூடுகிறது. ஸ்டீயரிங் கனக்கிறது. சமதளத்தில் இது தெரியாது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது, எடை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து, டயர் உள் மட்கார்டிலோ பட்டையிலோ உரசும் சத்தம் கேட்கும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு இப்படிப் பதினேழு வளைவுகள் இருக்கின்றன. ஏறுவதற்கு ஒரு தடவை, இறங்குவதற்கு ஒரு தடவை, தினமும்.

இனி பிரேக்குக்கு வருகிறேன். நண்பரின் கட்டுரையில் பிரேக் என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. மலைப்பாதையைப் பற்றி எழுதிய ஒருவருக்கு இது எப்படிச் சாத்தியமானது என்பதை யோசித்து யோசித்துப் பார்த்தேன், புரியவில்லை.

பிரேக் பிடிப்பது அச்சில். வண்டி நிற்க வேண்டியது தார் ரோட்டில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் டயரின் ஆரம். பிரேக் அச்சில் தரும் முறுக்கு அதேதான். டயரின் ஆரம் கூடக்கூட, அந்த முறுக்கு தரையில் செலுத்தும் விசை குறைகிறது. 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். 31 அங்குலம் என்பது 787. கூடுதல் 12 சதவீதம். ஓட்டுநர் அதே அழுத்தத்தில் மிதித்தால், தரையில் கிடைக்கும் பிடி கிட்டத்தட்ட 11 சதவீதம் குறையும். டயரும் வீலும் கனமாகிவிடுவதால், சுழலும் அந்தக் கூடுதல் எடையையும் அதே பிரேக்தான் அடக்க வேண்டும். நண்பர் சொல்கிறபடி கூடுதலாக ஐந்து பேரும் ஏறிக்கொண்டால், அவர்களுடைய எடையும் அதே பிரேக்கின் தலையில்.

இதோடு நிற்கவில்லை. இந்த மலையில் ஓட்டிப் பழகிய எந்த ஓட்டுநரிடமும் கேளுங்கள், முதல் பாடமாக ஒன்றைச் சொல்வார்: ‘எந்தக் கியர்ல ஏறுனமோ அதே கியர்ல எறங்கணும்ண்ணே.’ இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலையை எஞ்சின் பார்க்க வேண்டும், கால் அல்ல. டயரின் விட்டம் 12 சதவீதம் கூடினால், இரண்டாம் கியரே கொஞ்சம் மூன்றாம் கியராகிவிடுகிறது. எஞ்சின் அதே சுற்றில் இருக்கும்போதே வண்டி 12 சதவீதம் வேகமாக உருளும். வேகம் அவ்வளவு கூடினால் இயக்க ஆற்றல் கால் பங்கு கூடும். எஞ்சின் பிடிக்காததை யார் பிடிப்பது? மறுபடியும் பிரேக். ஏறும்போது இதே கணக்கு தலைகீழாகத் திரும்பி கிளட்ச்சைத் தின்னும். புதுப் பெரிய டயர் மாட்டிய வண்டி புலியூத்து வளைவைத் தாண்டுமுன் கிளட்ச் கருகும் வாசம் வருவது மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல.

ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அது டயரை அளப்பதில்லை, கியர்பெட்டிச் சுற்றை எண்ணுகிறது. முள் 30இல் நிற்கும். வண்டி 33க்கு மேல் போகும். வளைவில் இந்த மூன்று நான்கு கிலோமீட்டர் என்ன செய்யும் என்பதற்குப் பௌதிகப் புத்தகம் தேவையில்லை.

போடிமெட்டிலிருந்து போடிக்கு சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம். இரண்டரை டன் வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட ஏழு யூனிட் மின்சாரம். எழுபத்தைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. எஞ்சின் ஒரு பங்கை விழுங்கும், காற்றும் டயரின் உராய்வும் ஒரு பங்கை. மீதி அத்தனையும் பிரேக் டிரம்மிலும் லைனரிலும் இறங்குகிறது. அங்கிருந்து வீலுக்கு, வீலிலிருந்து டயரின் விளிம்புக்கு. நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் புண்ணியவான்களின் வண்டியில் அடிவாரத்து முந்தல் வந்து சேரும்போது டிரம்மின் மேல் தண்ணீர் தெளித்தால் சொய்யென்று ஆவி எழும். லைனர் அந்தச் சூட்டில் வழுக்கத் தொடங்கிவிடும். மிதிக்க மிதிக்கப் பிரேக் பிடிக்காது. ‘பிரேக் பிடிக்கல’ என்று விபத்துச் செய்திகளில் ஓட்டுநர்கள் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. பிரேக் உடைந்திருக்காது, வெந்து போயிருக்கும். இந்த இடத்தில் நண்பர் கொண்டுவந்து வைக்கும் மருந்து பெரிய டயர். அதாவது, இன்னும் குறைவாகப் பிடிக்கும் பிரேக்.

நைட்ரஜனைப் பற்றி ஒரே வரி: நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான், பஞ்சர் கடைக்காரர் இலவசமாகவே அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அகல டயருக்குக் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் மலையில் நல்ல பிடி கிடைக்கும் என்றும் ஓர் ஆலோசனை கட்டுரையில் இருக்கிறது. இதை மட்டும் சிரித்துவிட்டுப் போக முடியாது. எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைத்த காற்று. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிர்வதில் சூடு பிறக்கிறது. சூட்டில் உள்ளே இருக்கும் இழைப் பட்டையும் ரப்பரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. உலகத்துக்கே இந்தப் பாடம் தெரிந்தது 2000ஆம் ஆண்டில். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் நெடுஞ்சாலையில் பட்டை பட்டையாகப் பிரிந்து வண்டிகள் உருண்டன. அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. மொத்தத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டயர் செய்தவன் மேல் தப்பா, வண்டி செய்தவன் மேல் தப்பா என்று இரண்டு கம்பெனிகளும் மாறி மாறிக் கைகாட்டின. அதில் அடிபட்ட முக்கியமான எண் 26. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பவுண்டு. டயர் கம்பெனி பிறகு 30 என்றது. வெறும் நான்கு பவுண்டுச் சண்டை. இன்னொன்றும் நண்பர் தெரிந்துகொள்ளட்டும்: திரும்பப் பெற்ற டயர்களில் பெருவாரியாக இருந்த அளவு 235/75 ஆர்15. நம் ஊர் ஜீப்காரர்கள் கம்பெனி டயரைக் கழற்றியதும் முதலில் தேடுகிற அளவும் அதுதான். அளவில் குற்றமில்லை. எடையும் வேகமும் சூடும் குறைந்த காற்றும் ஒன்று கூடினால் எந்த டயரும் பிரியும், அமெரிக்காவிலும் பிரியும், அம்பரப்பர் மலையடிவாரத்திலும் பிரியும்.

அமெரிக்கா என்றதும் நண்பரின் இழுவை வீட்டுவண்டி நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் சக்கர டிரெய்லர் என்பார்கள். பிக்கப் லாரியின் பின்தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே, ஒரு கனத்த இரும்புத் தட்டு இருக்கும். படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு கூடிய முழு வீடு அந்தத் தட்டில் கொக்கி மாட்டிக்கொண்டு பின்னால் வரும். அதன் சொந்தக்காரர்களில் பலர் டயரையும் வீலையும் மாற்றுவது உண்மைதான். நண்பர் அதுவரை சரியாகத்தான் படித்திருக்கிறார். ஏன் மாற்றுகிறார்கள் என்பதைப் படிக்கவில்லை.

அந்த டிரெய்லர்கள் பலவற்றில் தொழிற்சாலை மாட்டி அனுப்பும் டயர், அச்சின் வரம்பை மயிரிழையில் தாங்கும் டயர். வெயிலில் மாதக்கணக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் வெடிக்கும். ஆகவே 80 பவுண்டு காற்றில் ஓடும் டயரைக் கழற்றி, 110 பவுண்டு தாங்கும் அடுத்த ரகத்தை மாட்டுகிறார்கள். பழைய வீல் 110 பவுண்டுக்கு ஆனதல்ல என்பதால் வீலையும் மாற்றுகிறார்கள். காற்று வால்வையும் மாற்றுகிறார்கள். இத்தனையும் செய்துவிட்டு எடையைக் கூட்டுவதில்லை! அச்சின் வரம்பும் வண்டியின் வரம்பும் டிரெய்லரின் பக்கச்சுவரில் ஒட்டிய சீட்டில் இருந்தபடியே இருக்கும். நெடுஞ்சாலையோரத்து எடைமேடையில் ஏற்றி, வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அதே எடைக்குக் கூடுதல் பாதுகாப்பு என்பது அவர்கள் கணக்கு. அதே பாதுகாப்பு என்ற பெயரில் கூடுதல் எடை என்பது நண்பர் கணக்கு. கடன் வாங்கியவர் வட்டியை மட்டும் வாங்கி வந்திருக்கிறார், முதலை விட்டுவிட்டார்.

வேறொன்றும் உண்டு. டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை, கியர் இல்லை, ஸ்டீயரிங் இல்லை. அதன் சக்கரம் பின்னால் உருண்டு வருகிற சக்கரம். அங்கே விட்டம் மாறினால் கியர் மாறாது, ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. அப்படியும் அவர்கள் பெரும்பாலும் அளவை மாற்றுவதில்லை. அதே அளவில் பலமான ரகத்துக்குப் போகிறார்கள். இங்கே நண்பர் மாற்றச் சொல்வதோ எஞ்சினும் ஸ்டீயரிங்கும் கட்டிய சக்கரத்தை, அதுவும் விட்டத்தையே.

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஆய்வகம் ஞாபகம் வரும். 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்து, எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோன திட்டம். அதன் மையக் கருவியே 50,000 டன் காந்த இரும்பு. அது வந்திருக்க வேண்டுமா கூடாதா என்பது வேறு விவாதம், அதில் எனக்குத் திட்டவட்டமான கருத்தும் உண்டு, இங்கே வேண்டாம். அந்த இரும்பைப் போலக் கனமான பொருளை ரோட்டில் கொண்டுபோகும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை அச்சு, அச்சுக்கு எத்தனை டன் என்பதுதான். எடை கூடினால் அச்சைக் கூட்டுவார்கள். டயரை ஊதிப் பெருக்கிவிட்டு அதே இரண்டு அச்சில் ஏற்றலாம் என்று சொன்ன முதல் பொறியியல் மேதை நம் நண்பராகத்தான் இருக்க வேண்டும்.

கொழுக்குமலை சாட்சியையும் விசாரித்துவிடுவோம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தடத்தில் ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. உருண்டைக் கல்லும் பள்ளமும். நான்கு சக்கர இழுவையில், தாழ்ந்த கியரில், நடந்து போகிறவனை முந்தினாலே அதிகம் என்ற வேகத்தில் ஊர்ந்து போகிறார்கள். அங்கே பெரிய டயர் உதவுகிறது, மறுக்கவில்லை; அடியில் கல் தட்டாமல் வண்டி உயர்ந்து நிற்கும். அதே வண்டி கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85இல், தார் ரோட்டில், வளைவில் இறங்கும்போது அந்த உயரமே எதிரியாகிறது. 31 அங்குல டயர் வண்டியின் எடை மையத்தை 42 மில்லிமீட்டர் தூக்குகிறது. பின்கதவில் தொங்கும் ஆட்களும் கூரை மேல் கட்டிய சாக்கு மூட்டைகளும் அதை இன்னும் தூக்குகின்றன. உருண்டு கவிழ்வதற்கு இதைவிட என்ன தயாரிப்பு வேண்டும்?

மலைக்கு அகல டயர் இல்லாமல் முடியாது என்பதும் அரைகுறைப் பேச்சு. இரண்டாம் உலகப் போரில் காட்டிலும் சேற்றிலும் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு இருந்தது 6.00–16, ஒல்லிக்குச்சி டயர். சேற்றை ஒதுக்கிக் கீழே இருக்கும் கெட்டித் தரையைப் பிடிப்பதற்கு ஒல்லி டயர்தான் வாகு. ஐப்பசி கார்த்திகை மழையில் தார் ரோட்டில் தண்ணீர் ஓடும்போதும், அதே எடை அகல டயரில் பரவினால் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடுவது கடினம். போடிமெட்டுப் பனிமூட்டத்தில் மழையும் சேர்ந்துகொண்ட ஒரு சாயங்காலத்தில் நண்பரை 31 அங்குல வண்டியின் பின் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி அவர் கோபப்பட்டிருக்கிறார். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவில் எழுதிவைத்தது. வாடகைக்கு ஓடும் வண்டியைப் பதிவு செய்யும் விண்ணப்பத்திலேயே, எந்த அச்சுக்கு எந்த அளவு டயர், எத்தனை பிளை என்று தயாரிப்பாளர் சொன்னபடி நிரப்பும் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஒன்றை எழுதிவிட்டு ரோட்டில் இன்னொன்றை மாட்டி ஓடினால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் எழுப்பும் முதல் கேள்வி அதுவாக இருக்கும். இழப்பீட்டுக்காக வருடக்கணக்கில் தேனிக்கும் மதுரைக்கும் அலையப் போவது கட்டுரையாளர் அல்ல. கூலிக்கு மலையேறிய பெண்ணின் பிள்ளைகள்.

டயர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. குறை இருக்கிறது, ஆனால் நண்பர் காட்டும் இடத்தில் இல்லை. போடியில் விடிகாலையில் கிளம்பக் காத்து நிற்கும் எந்த ஜீப்பிடமும் போய்ப் பக்கச்சுவரைத் தடவிப் பாருங்கள். டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால், 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வயதான டயரில் எழுத்துகளைச் சுற்றி நகக்கீறல் போல மெல்லிய வெடிப்புகள் ஓடும். கொஞ்சம் அழுத்தினால் வெடிப்பு வாய் திறக்கும். பட்டன் தேய்ந்து மொட்டையாகியிருக்கும். மோட்டார் வாகன விதிகளின் 94ஆம் விதி கேட்பது குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம். ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்தாலே போதும், காக்கிச்சட்டை தேவையில்லை. ஸ்டெப்னியைப் பார்க்கவே வேண்டாம், அது கண்ணில் படாத வரை நல்லது. நண்பர் சொல்லும் அலாய் வீலுக்கும் பெரிய டயருக்கும் ஆகும் பணத்தில், கம்பெனி அளவிலேயே நான்கு புது டயர், புது லைனர் செட், பேரிங் கிரீஸ் எல்லாம் போட்டுவிட்டுக் கையில் மிச்சமும் வைத்துக்கொள்ளலாம். பெரிய அளவில் புது டயருக்கு வசதியில்லாதவர் எங்கே போவார்? பழைய டயர் கடைக்கு. எங்கோ யாரோ ஓட்டிக் கழித்த, வயது தெரியாத டயர் அகலமாக இருக்கிறது என்பதற்காக மலைக்கு வரும். நண்பரின் யோசனை நடைமுறையில் போய் முடிகிற இடம் இது.

அலாய் வீல், மலைக்குப் பொருந்தாத ஆசை. பள்ளத்தில் விழுந்தால் இரும்பு ரிம் வளையும், வழியிலேயே சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். மலிவு அலாய் விரிசல் விடும்.

ஆனால் நண்பரின் கட்டுரை இவ்வளவு தொழில்நுட்பம் பேசுவதே, பேச வேண்டியதைப் பேசாமல் இருப்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்துப் பேர் வண்டியில் இருபது பேர் ஏன் ஏறுகிறார்கள்? ஏல மலைக்கு வேலைக்கு ஆள் வேண்டும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களில் காய் எடுப்புக் காலத்தில் நாள் தவறினால் காய் முற்றி வெடிக்கும். ஆளோ கீழே, நம் ஊர்களில். எஸ்டேட் வாசல் வரை பேருந்து போவதில்லை. தேவாரம் பக்கத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்பது இந்தப் பகுதியின் பழைய கோரிக்கை; அது காகிதத்திலேயே கிடப்பதால், மலைக்கு நேர் கீழே இருக்கும் ஊர்க்காரர்களும் போடியையோ கம்பத்தையோ சுற்றித்தான் ஏற வேண்டியிருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று ஜீப்காரரிடம் பேசுகிறார்கள். தலை கூடினால் அவருக்கு லாபம், வண்டி குறைந்தால் தோட்டத்துக்கு லாபம். நசுங்குவது நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள். இந்த ஏற்பாட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி டயரைப் பெருக்கச் சொல்கிறார் நண்பர். போடியில் ஏலக்காய் ஏலம் கணினியில் நடக்கிறது. ஏலக்காய் பறித்தவர் வீடு திரும்புவது பின்கதவுக் கம்பியில் தொங்கிக்கொண்டு.

அபராதம் கொடூரம் என்கிறாரே, அதையும் பார்ப்போம். அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக ஆள் ஏற்றினால் 194ஏ பிரிவின்படி தலைக்கு 200 ரூபாய். பத்துப் பேர் அதிகம் என்றால் 2,000. 31 அங்குல டயர் ஒன்றே இதற்கு எத்தனையோ மடங்கு விலை. கொடூரம் எது என்று வாசகர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது, பலருக்கும் அது தெரியாது, தெரிந்த அதிகாரிகளும் அதைப் பயன்படுத்துவதைக் காண முடிவதில்லை. கூடுதல் பயணிகளை இறக்கி, அவர்கள் போக மாற்று வாகனம் ஏற்பாடு செய்யும் வரை அந்த வண்டி நகரக் கூடாது.

தேனி மாவட்ட ஆட்சியருக்கும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிக்கும் சொல்கிறேன்: டயரின் அளவை மட்டும் பார்த்து அபராதச் சீட்டு கிழிப்பதோடு நிறுத்தாதீர்கள். காய் எடுப்புக் காலத்தில் விடிகாலை நான்கு மணிக்கு முந்தலில் ஒரு காற்றுமானியோடும் ஓர் எடைமேடையோடும் நின்று தலைகளை எண்ணுங்கள். அதிகமாக இருப்பவர்களை இறக்குங்கள். இறக்கியவர்களை ஏற்றிக்கொள்ள, சட்டம் சொல்கிற அந்த மாற்று வாகனம், ஓர் அரசுப் பேருந்து, அங்கேயே தயாராக நிற்கட்டும்.